மூன்று நாளில் மறக்கிற ஊர் எங்கே இருக்கிறது?

நெல்லைக் கோமதி:
கரிசல் அண்ணாச்சி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கடன் செயலிக்காரன் ஒரு பெண்ணின் முகத்தை ஏஐ வைத்து நிர்வாணப் படத்தில் ஒட்டி, அவள் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அதற்கு இவர் சொன்ன மருந்து: "மனதைத் திடப்படுத்திக்கொள், மூன்று நாளில் ஊர் மறந்துவிடும்." எந்த ஊர் அண்ணாச்சி அது? குடிவர ஆசையாக இருக்கிறது.

கரிசல்:
தைரியம் சொன்னது குற்றமா? படம் பொய் என்று அவளுக்கே தெரியும். பொய்க்கு எதற்கு ஒடிய வேண்டும்? 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தையும் இப்படித்தான் வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். அவர் நடிப்பை விட்டுவிட்டாரா?

நெல்லைக் கோமதி:
அவருக்காக அமிதாப் பச்சனே பேசினார், டெல்லி போலீஸ் தேடிப்போய் ஆளைப் பிடித்தது. அப்படியும் அவர் என்ன எழுதினார் என்று படித்தீர்களா? பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும்போது இது நடந்திருந்தால் எப்படிச் சமாளித்திருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை என்றார். மூன்று நாள் கணக்கு அவருக்குத் தெரியவில்லை போல.

பொன்னி77:
டிபியில் படமே வைக்காவிட்டால் இந்த வம்பே இல்லையே.

நெல்லைக் கோமதி:
செல்ஃபி எடுத்து அனுப்பினால்தான் அந்தச் செயலி பணமே தரும் தாயே. டிபிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பொன்னி77:
தெரியாமல் கேட்டால் இப்படித்தான் குத்துவீர்கள். தேர்தல் இழையில் என்னைத் தடை செய்யச் சொன்னவர்தானே நீங்கள்.

பழைய மோடம்:
சண்டைக்கு நடுவே ஒன்று. அந்தரங்கப் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறது, 18 வயது ஆனவர்களுக்கு. படம் நம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து எடுத்த ஹாஷ், அதாவது படத்தின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு, மட்டும்தான் போகும். அதை வைத்து, சேர்ந்திருக்கிற தளங்கள் அதே படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். ஏஐ படத்துக்கும் பொருந்தும். தேசிய சைபர் குற்றத் தளத்தில் இந்த மாதிரிப் புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ராத்திரி தூக்கம் வராவிட்டால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்.

கரிசல்:
ஒருத்தனிடம் படம் போய் மாட்டியது போதாதென்று இன்னொரு வெள்ளைக்காரனிடமும் கொடுக்கச் சொல்கிறீரா?

பழைய மோடம்:
வெளியே போகாது என்றுதானே எழுதினேன்?

கரிசல்:
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நெல்லைக் கோமதி:
ஹாஷ் சரிதான். ஆனால் சேர்ந்திருக்கிற தளங்களில்தான் அது வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் பெரியப்பாவுக்குப் போனதை எது திருப்பி எடுக்கும்? எங்கள் தெருப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன் 'டிங்' என்றாலே கை நடுங்கும். பொய்ப்படம் என்று தெரிந்தும்தான் நடுங்கியது, அண்ணாச்சி கவனிக்கவும். அவள் அக்கா போனை வாங்கிக்கொண்டாள். எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே செய்தி: "இது போலி. புகார் கொடுத்தாயிற்று. யார் அனுப்பியது என்று எனக்குச் சொல்லிவிட்டு அழியுங்கள்." வந்த பதில் எதையும் தங்கைக்குக் காட்டவில்லை. அவளைச் சாப்பிட வைத்ததும், ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனதும் அக்காதான். மனத்திடம் என்று நீங்கள் சொல்வது அந்த வீட்டில் இப்படித்தான் வந்தது, உபதேசத்தால் இல்லை. தீபாவளிக்குப் பரவிய படத்தைப் பற்றிப் பொங்கல் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தர் விசாரித்தார். இதில் மூன்று நாளை எங்கே வைப்பது?

கரிசல்:
ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அக்கா செய்ததும் தைரியம்தான். நான் சொன்னதும் அதுதான்.

நெல்லைக் கோமதி:
நீங்கள் சொன்னது அவள் தனியாகத் தாங்க வேண்டும் என்று. மேலே போய்ப் படியுங்கள், அழித்துவிடாதீர்கள், நகல் வைத்திருக்கிறேன்.

பொன்னி77:
எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறார் பாருங்கள்.

பழைய மோடம்:
ஹாஷ் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.

நெல்லைக் கோமதி:
அப்புறம் கேட்கிறோம் மோடம். அண்ணாச்சி, மூன்று நாள் இல்லையென்றால் எத்தனை நாள்?

கரிசல்:
முதலில் தேர்தல் இழையில் நான் கேட்டதற்குப் பதில் வரட்டும்.