எண்டோசிம்பயன்ட்: ‘அகவாழி’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

எண்டோசிம்பயன்ட் (endosymbiont) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: உட்பற்றீரியா, உள்ளுதவி நுண்ணுயிர், அகக்கூட்டுயிரி. மூன்றையும் வாசித்தேன். நான் முன்வைப்பது அகவாழி. பூச்சியின் உடலுக்குள்ளேயே வாழ்க்கை முழுவதையும் கழிக்கிற நுண்ணுயிரைச் சொல்ல எங்களுக்கு ஒரு சொல் வேண்டும், அது எங்கே வாழ்கிறது என்பதைச் சொன்னால் போதும், அது நல்லது செய்கிறதா கெட்டது செய்கிறதா என்பதைச் சொல்லுக்குள் வைத்துக் கட்டிவிடக் கூடாது. திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியலைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் இது எனக்கு நாளாந்தத் தேவை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பயற்றங்கொடியின் நுனியைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பாக, பளபளவென்று, தலையைக் கீழே குத்தியபடி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பூச்சிக் கூட்டம் இருக்குமே, இங்கே அழுக்கணவன் என்போம், தமிழகத்தில் அசுவினி. அது குடிப்பது உரியத்திலே, அதாவது செடி தன் சீனியைக் கொண்டுசெல்லும் குழாய்களிலே, ஓடும் சாறு. அந்தச் சாற்றில் சீனி அளவுக்கு மிஞ்சிக் கிடக்கும், அதனால்தான் மிச்சத்தைத் துளித்துளியாகப் பின்னால் விடுகிறது, எறும்பும் அதைத் தேடித்தான் வருகிறது. ஆனால் பூச்சி தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அதில் போதாது. அந்தக் குறையைத் தீர்ப்பது பூச்சியின் வயிற்றுக்குள் தனியாக அமைந்த பெரிய கலங்களுக்குள் (தமிழகத்தில் செல்) அடைந்து கிடக்கும் ஒரு பற்றீரியா, புக்னெரா. தாயின் உடலில் கருவாக இருக்கும்போதே குஞ்சுக்குள் அது போய்விடும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அதை அழித்தால் அழுக்கணவன் வளர்ச்சி குன்றிவிடும், குஞ்சு போடுவதும் ஏறக்குறைய நின்றுவிடும்.

பெயர் பால் புக்னர் என்ற ஜெர்மன் விலங்கியலாளரின் நினைவாக வந்தது. பூச்சி பூச்சியாக வெட்டி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, எந்தப் பூச்சியில் எந்த இடத்தில் எப்படிப்பட்ட நுண்ணுயிர் இருக்கிறது, தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகிறது என்று ஆயுள் முழுக்க வரைந்து வைத்தவர் அவர். அந்த வரைபடங்கள் இல்லாவிட்டால் இந்தத் துறையே இல்லை என்பேன். புக்னெரா என்ற பெயர் 1991இல் வைக்கப்பட்டது. 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபணுத்தொகுதியை முழுமையாக வாசித்தார்கள்: ஏறக்குறைய 6,40,000 மூலச்சோடிகள், அதாவது டி.என்.ஏ.யின் எழுத்துச் சோடிகள். உறவுக்காரரான, குடலில் வாழும் ஈகோலை பற்றீரியாவுக்கு 46 இலட்சம். 15 கோடி வருடங்களுக்கும் மேலாக உள்ளேயே இருந்து இருந்து, வெளியில் பிழைக்கத் தேவையானதையெல்லாம் இழந்துவிட்டது. அமெரிக்க உயிரியலாளர் நான்சி மோரன் போன்றவர்கள் அழுக்கணவனின் வம்சாவளியையும் புக்னெராவின் வம்சாவளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கிளைக்குக் கிளை பொருந்தி வந்ததே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

சரி, இப்போது சொற்கள்.

உட்பற்றீரியா என்ற சொல் எங்கள் பக்கத்துத் தம்பலகாமத்து வயலிலேயே தோற்றுப்போகும். அங்கே நெல்லின் அடித்தண்டில் உட்கார்ந்து சாறு குடித்து, பயிரை வட்டவட்டமாகக் காயவைக்கும் கபிலநிறத் தத்தியின் (தமிழகத்தில் புகையான்) கொழுப்பிழையத்துக்குள் இருப்பது பற்றீரியா அல்ல, மதுவம் (ஈஸ்ட்) போன்ற பங்கசு, அதாவது பூஞ்சை. அதுவும் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது, அதுவும் பூச்சிக்குப் போசணை கொடுக்கிறது. ஒரே வேலை, வேறு உயிர். ஆகவே சொல்லில் பற்றீரியா வரக் கூடாது.

உள்ளுதவி நுண்ணுயிருக்கு வொல்பாக்கியா தடையாக நிற்கிறது. ஹேர்டிக், வொல்பாக் இருவரும் 1924இல் கியூலெக்ஸ் நுளம்பில் (கொசு) கண்ட பற்றீரியா இது. இது உள்ள ஆண், இது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. சில பூச்சிகளில் ஆண் கருக்களையே கொன்றுவிடும். தான் தாய்வழியாக மட்டும் பரவுவதால் ஆண்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இதை உதவி என்று எப்படி எழுதுவது? அதேநேரம் டெங்கு நுளம்புக்குள் இதைப் புகுத்தினால் வைரசு பெருகுவது குறைகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 வீதம் குறைந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். 2017இல் எங்கள் பக்கத்துக் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று பார்த்த எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. நுளம்புக்கு ஒன்று, எங்களுக்கு வேறொன்று, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று என்று போகிற உறவை உதவி என்ற சொல்லுக்குள் அடைக்க முடியாது. ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி 1879இல் சிம்பயோசிசுக்கு வரைவிலக்கணம் கொடுத்தபோதே, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்றுதான் சொன்னார், ஒட்டுண்ணி வாழ்வையும் அதற்குள்ளேதான் வைத்தார். எங்கள் பாடநூல்களின் ஒன்றியவாழ்வு என்ற சொல் அந்தப் பொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது, அதில் கை வைக்க வேண்டாம்.

அகக்கூட்டுயிரி பிழையான சொல் அல்ல. தமிழகத்தில் கூட்டுயிர் என்று படித்தவர்களுக்கு உடனே விளங்கும் என்று சென்னை ஐயா எழுதியதை ஏற்கிறேன். ஆனால் வசனத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். வெண்மூட்டுப்பூச்சிக்குள் (தமிழகத்தில் மாவுப்பூச்சி) திரெம்பிளேயா என்று ஒரு பற்றீரியா, சில இனங்களில் அந்தத் திரெம்பிளேயாவுக்கு உள்ளேயே மொரனெல்லா என்று இன்னொரு பற்றீரியா (நான்சி மோரனின் பெயரால் வந்தது). அகக்கூட்டுயிரிக்குள் அகக்கூட்டுயிரி என்று வகுப்பில் நாலு தரம் சொன்னால் நாக்கு சுளுக்கும். அகவாழிக்குள் அகவாழி என்றால் பிள்ளை எழுதிக்கொண்டு போய்விடும்.

வாழி என்றால் வாழ்த்தல்லவா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தனியே நின்றால் வாழ்த்துத்தான். ஆனால் தவளையை நாங்கள் ஈரூடகவாழி என்றுதான் படித்தோம், படிப்பிக்கிறோம், ஒருவரும் அதை வாழ்த்தாக எடுப்பதில்லை. முன்னொட்டு வந்தவுடன் பொருள் திரும்பிவிடுகிறது. தமிழக நண்பர்களுக்கு இருவாழ்வி பழக்கம் என்பதால் அகவாழ்வி என்று கேட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னொரு வசதி, உட்பிரிவுகள் தானாக வந்துவிடும். கலத்துக்குள் இருந்தால் கலவாழி. குடலில் இருந்தால் குடல்வாழி. தேனீயின் குடலில் இருக்கும் கூட்டம் இதற்கு நல்ல உதாரணம், கூட்டறையிலிருந்து புதிதாக வெளியே வரும் தேனீயிடம் அவை ஏறக்குறைய இருக்காது, கூட்டிலுள்ள மற்றத் தேனீக்களிடமிருந்துதான் தொற்றிக்கொள்கின்றன. கறையானின் குடலில் மரத்தைச் சமிக்கவைக்கும் ஒற்றைக்கல உயிர்களும் குடல்வாழிதான். புக்னெரா போல ஒன்றையொன்று விட்டுப் பிழைக்க முடியாதவை கட்டுப்பட்ட அகவாழி. இல்லாமலும் பூச்சி பிழைக்குமென்றால் அமையத்துக்கேற்ற அகவாழி, கொஞ்சம் நீளந்தான், ஆனால் காற்றின்றிவாழ் உயிர்களுக்கு ஏற்கனவே வழங்குகிற அடைமொழிதானே.

இனி, அந்த நுண்ணுயிர் தங்கும் கலத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். பக்டீரியோசைட் என்ற சொல்லிலும் அந்தப் பற்றீரியாச் சிக்கல் இருக்கிறது. உறைகலம் என்று வைக்கலாம் என்பது என் எண்ணம், உறைதல் என்றால் தங்குதல். அரிசி வண்டைப் பாருங்கள், புதிதாக வந்த வண்டு சிவந்து மென்மையாக இருக்கும், நாளாக நாளாகக் கறுத்து இறுகும். அந்த ஓட்டை இறுக்கத் தேவையான தைரோசீனை உள்ளிருக்கும் பற்றீரியா தருகிறது, ஓடு இறுகி முடிந்ததும் வண்டு அந்தக் கலங்களையும் அதிலிருந்த பற்றீரியாவையும் சேர்த்தே கரைத்துவிடுகிறது. உறைகலம் கரைகிறது என்று இதை எழுதிப் பார்த்தேன், எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் உறை என்றதும் தமிழக வாசகருக்குப் பனி உறைவதுதான் முதலில் மனதில் வருமா, கலம் என்றால் பாத்திரம் என்று நினைப்பார்களா என்பதை அங்கிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அப்படி மயக்கம் வருமென்றால் மாற்றாக என்ன வைக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், அப்புறம் இரண்டையும் ஒன்றாக முடிவு செய்வோம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து