பி செல்களை (ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்துக்கு மூலமான வெள்ளணுக்களை) அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தின் முதல் டோஸ் ஏறியபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

பொன்னி:
எனக்குப் பெம்ஃபிகஸ், அதாவது எதிர்ப்பாற்றலே தோலைத் தாக்கிக் கொப்புளமாக்கும் நோய். முன்மருந்தாகப் பாராசிட்டமால், ஏவில் என்ற ஒவ்வாமை மருந்து, ஸ்டீராய்டு எல்லாம் கொடுத்தபின், மணிக்கு 50 மில்லிகிராம் வேகத்தில் ஏற்றத் தொடங்கி, அரைமணிக்கொரு முறை வேகத்தைக் கூட்டினார்கள். இரண்டாம் முறை கூட்டிய சிறிது நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தது. நான் பற்றியிருந்த கட்டில் கம்பி கடகடவென்று ஆடியதும், பற்கள் மோதிக்கொண்டதால் செவிலியர் கேட்டதற்கு என் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் போனதும் இன்னும் மனத்தை விட்டு நீங்கவில்லை. பம்பை நிறுத்தி, ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியபின் பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கினார்கள். "உங்கள் பி செல்கள் கூட்டமாகச் சாகின்றன, அதற்குத்தான் உடம்பு ஆடுகிறது" என்றார் மருத்துவர். அதைக் கேட்டுத் தேறுவதா அஞ்சுவதா?

கரிசல்காட்டான்:
அது வெறும் சமாதானம். இந்த மருந்தே ஓர் ஆன்டிபாடிதான், அதில் எலியின் பகுதி இருக்கிறது. உடம்பு அதை ஏற்காததால் வந்த ஒவ்வாமைதான் அது. நிணநீர்ப் புற்றுக்காக எனக்கு ஏற்றியபோதும் முதல் முறை காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. அடுத்த முறை ஒன்றுமே இல்லை.

வைகறை:
கரிசல்காட்டான் அவர்களே, உங்கள் அனுபவமே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. ஒவ்வாமையாக இருந்தால் அடுத்த முறை கடுமையாகியிருக்க வேண்டாமா? மருந்து பி செல்லின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பற்றிக்கொள்ள, இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் எதிர்ப்புப் புரதங்கள் செல்லின் சவ்வைத் துளைக்கின்றன, என்கே செல்கள் என்னும் கொல்லும் வெள்ளணுக்கள் வந்து கொல்கின்றன, சில செல்கள் தாமாகவே மடிகின்றன. அப்போது வெளியாகும் சைட்டோகைன்கள் என்னும் அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களே பெரும்பாலும் நடுக்கத்துக்குக் காரணம். இரண்டாம் டோஸின்போது சாவதற்குச் செல்கள் அதிகம் மிஞ்சியிருப்பதில்லை. உண்மையான ஒவ்வாமையும் சிலருக்கு வருவதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

என் தந்தைக்கு ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி (அவ்வைரஸ் எப்போதோ தொற்றியதன் தடயம்) பாசிட்டிவ் என்று வந்ததால், ஊசி குத்திய கையோடு டோஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: மேற்பரப்பு ஆன்டிஜன், கோர் ஆன்டிபாடி ஆகிய இரண்டு சோதனைகளையும் செய்யாமல் இம்மருந்துக்கு உட்காராதீர்கள். உறங்கிக் கிடக்கும் வைரஸ் விழித்துக் கல்லீரலை அழிக்கக்கூடும் என்பதால்தான் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. உயிரற்ற தடுப்பூசிகளை, நோய் காத்திருக்குமானால், 4 வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபாடிகளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் சிடி20 இல்லாததால் பழைய எதிர்ப்பாற்றல் பெருமளவு தங்கும். புதிதாகக் கற்க வேண்டிய பி செல்கள்தாம் மாதக்கணக்கில் இருக்கமாட்டா. இரத்த அழுத்த மாத்திரை உண்போர், டோஸுக்கு முன் அதை நிறுத்திவைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தாழை:
என் தங்கைக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய். நடுக்கம் எதுவும் வரவில்லை, ஆகவே மருந்து வேலை செய்யவில்லையோ என்றே நாங்கள் கவலைப்பட்டோம். பிறகு வந்த ஆய்வறிக்கையில் சிடி19 என்ற வரிக்கு நேரே 0 என்றிருந்தது. சிடி20-ஐ மருந்தே மறைத்துவிடும் என்பதால், பி செல்லின் மேலுள்ள இன்னொரு புரதமான சிடி19-ஐ வைத்து எண்ணுகிறார்களாம். அவளோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இனி எனக்குச் சளி பிடித்தால் யார் பார்த்துக்கொள்வார்கள், அக்கா?" என்று கேட்டாள். நோயை எதிர்க்கும் வேறு வெள்ளணுக்களான டி செல்கள் இருக்கின்றன என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.