கோயில் மைதானம் வேண்டாமுங்க, அங்கன்வாடிப் பக்கமே போடுவோம்

வெளிநாட்டில் இருக்கிற நம்மூர்ச் சங்கத்துச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

விளையாட்டுத் திடலுக்காகத் தலைவர் அண்ணா அனுப்பிய கொட்டேஷனையும் படத்தையும் பார்த்தேன். கேட்ட உடனே இத்தனை பேர் பணம் தர முன்வந்தது ரொம்பச் சந்தோசம். ஆனால் படத்தில் இருக்கிற மாதிரியே, கோயில் மைதானத்தில், பேவர் பிளாக் பதித்து, பன்னிரண்டு அடி உயரச் சறுக்கு நிறுத்துவது என்றால் எனக்குச் சம்மதமில்லை. காரணத்தை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்க.

வசதியில்லாத பிள்ளைகளுக்கு என்றுதான் நாம் தீர்மானம் போட்டோம். நம்மூரில் அது காலனிப் பிள்ளைகள், அப்புறம் தறிக்கூடத்து லைன் வீடுகளில் இருக்கிற ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விட்டால், பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இருட்டுகிற வரை அவர்களுக்குக் கிடைப்பது மில் பஸ் திரும்புகிற ரோட்டோரம்தான். அதை விட்டால் பாறைக்குழி. பல்லடம், திருப்பூர் சுற்று வட்டாரத்தில் கல் வெட்டி முடித்து அப்படியே விட்ட குழிகள் மழைக்கு நிரம்பி நிற்பதும், ஓரம் செங்குத்தாக இருப்பதால் உள்ளே விழுந்த பிள்ளை ஏறி வர முடியாததும் உங்களுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறுகளும் அப்படித்தான்.

இந்தப் பிள்ளைகள் கோயில் மைதானத்துக்கு வருவார்களா? வரக்கூடாது என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒருவர் "யாரு பையன்டா நீ?" என்று கேட்டால் போதும், அடுத்த நாள் அந்தப் பையன் வர மாட்டான். நாம் எல்லாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அங்கன்வாடிக்குப் பின்னால் இட்டேரியை (வேலிகளுக்கு நடுவில் போகிற மண்பாதையை) ஒட்டிக் கிடக்கிற புறம்போக்கு, காலனிக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளும் நடந்தே வந்துவிடலாம். மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தூரியில் (ஊஞ்சலில்) ஆட வேண்டும் என்றால் அதுதான் இடம். சாலைப் பக்கம் மட்டும் இடுப்பளவு வேலி போதும். பூட்டு மட்டும் வேண்டாமுங்க. சாவி யார் வீட்டில் தொங்குகிறதோ, திடல் அவர்களுடையதாகிவிடும்.

அடுத்து தரை. இதைத்தான் கொட்டேஷனில் கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள், எனக்கு இதுதான் முதல் வரி. விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்குப் பலத்த அடிபடுவது பெரும்பாலும் மேலே இருந்து கீழே விழுந்துதான். அப்போது எலும்பும் மண்டையும் தப்புவது கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திடல்களுக்கு என்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. கான்கிரீட், தார், இறுகிய மண், வெறும் புல் எதுவும் விளையாட்டுக் கருவிகளுக்கு அடியில் ஆகாது என்கிறது அது. பேவர் பிளாக்கும் கான்கிரீட்தான். நம்ம செம்மண் மாசி பிறந்தாலே கல்லாக இறுகிவிடும், அதுவும் உதவாது.

மணல் போடலாம். 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்று அதே கையேடு கணக்குச் சொல்கிறது. காலப்போக்கில் அமுங்கும் என்பதால் 9 அங்குலம் நிற்க 12 அங்குலம் கொட்ட வேண்டும். ஆக நாம் மணல்தான் போடுகிறோம் என்றால், நம்ம திடலில் 4 அடிக்கு மேல் பிள்ளை நிற்கிற இடமே இருக்கக்கூடாது. பன்னிரண்டு அடிச் சறுக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. உருண்டையான, கழுவிய மணலாகப் பார்க்க வேண்டும். கல்லை உடைத்து அரைக்கிற எம்-சாண்ட் முனை கூரானது, தூசும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். ஆற்று மணல் விலை தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டு கருவியைக் குறைத்துக்கொண்டாவது மணலுக்குச் செலவு பண்ணுவோம். ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் ஆறடிக்கு அந்த மணல் பரவி இருக்க வேண்டும். தூரிக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம் வேண்டும், மேலே மாட்டியிருக்கிற கம்பி எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு.

நம்மூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்று மஸ்கட்டிலிருந்து மாமா எழுதியிருந்தார். நல்ல யோசனைதான், ஊர்க்காரருக்கு வேலையும் ஆகும். ஆனால் பட்டறையில் ஜன்னல் கிரில் அடிக்கிற பழக்கத்தில் நாலு, ஐந்து அங்குலம் விட்டுக் கம்பி வைத்துவிடுவார்கள். திடலில் 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்து இருக்கவே கூடாது. சின்னப் பிள்ளை காலை முதலில் விட்டால் உடம்பு வழுக்கி உள்ளே போய்விடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும், கால் தரையில் எட்டாது. தூரிச் சங்கிலியை மாட்டுகிற கொக்கியின் வாயும் முழுதாக மூடியிருக்க வேண்டும். பாவாடை நாடா, துப்பட்டா, கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிறு எல்லாம் அதில்தான் சிக்கும். போல்ட்டு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே ஆபத்து. பழைய டயர் வைத்துச் செய்வதானால் தண்ணீர் தேங்காமல் அடியில் துளை போட வேண்டும். டெங்குக் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. தகரச் சறுக்கைச் சித்திரை வெயிலில் தொட்டுப் பாருங்க. வெளிநாட்டுப் படங்களில் வடக்குப் பார்த்து வை என்று போட்டிருப்பார்கள், ஆனால் நம்மூரில் அந்த மாதங்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் சுடும். அங்கன்வாடிப் பக்கம் ஏற்கனவே இருக்கிற இரண்டு வேம்பின் நிழலில் சறுக்கை வைத்துவிட்டு, மற்ற ஓரங்களில் புங்கன் நட்டுவிடலாம்.

நான் இருக்கிற ஆம்ஸ்டர்டாமில், போர் முடிந்து கையில் காசில்லாத 1947இல், ஆல்டோ வான் ஐக் என்ற கட்டிடக் கலைஞர் பெர்டல்மான்பிளைன் என்ற சின்னச் சதுக்கத்தில் முதல் திடலைப் போட்டார். அகலமான விளிம்பு வைத்த மணல் தொட்டி, தாழ்வான இரும்புக் கம்பிகள், உட்கார பெஞ்சு, அவ்வளவுதான். எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று மக்கள் நகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். 1978க்குள் எழுநூறுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் பல, இடிந்த வீட்டு மனை, இரண்டு தெரு சேருகிற மூலை என்று யாருக்கும் உதவாமல் கிடந்த இடங்கள்தான். நம்ம புறம்போக்கு அவற்றுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஆடி நோம்பிக்குக் கட்டுகிற தூரியை இரண்டு நாளில் அவிழ்த்துவிடுகிறோம். இது வருசம் முழுக்க ஆடப்போகிற தூரி. கொக்கி தேயும், சங்கிலி துருப்பிடிக்கும், மணலில் குவாட்டர் பாட்டில் சில்லும் நாய் அசிங்கமும் சேரும். அதனால் சேர்கிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வங்கியில் போட்டு, வட்டியில் காலனி மகளிர் குழுவிலிருந்து ஒருவருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. தினமும் மணலைக் கிளறிப் பார்ப்பது, வாரம் ஒருமுறை ஸ்பானர் போடுவது, பழுதானதைச் சங்கிலி போட்டு நிறுத்திவைத்துவிட்டு நமக்குப் போட்டோ அனுப்புவது அவர் வேலை. திறப்பு விழாச் செலவை முழுதாக விட்டுவிட்டால் இதற்கு நிறையவே மிஞ்சும்.

பணம் அனுப்புகிறவர்கள் கவனிக்க. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற அட்டை) இருந்தாலும், சங்கத்துக்கு அனுப்பினால் 2010ஆம் வருசத்து வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்க அந்தச் சட்டப்படி பதிவு வேண்டும், நம்ம சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லை. அப்படிப்பட்டவர்கள் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு கட்டினால் மீதியை அரசு போடும், அதையும் ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

புறம்போக்கு என்பதால் ஊராட்சித் தீர்மானம் இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. அக்டோபர் 2 கிராமசபை இருக்கிறது. அதற்கு முன்னால் ஊரில் இருக்கிற நம்ம ஆட்கள் யாராவது காலனிக்கும் லைன் வீடுகளுக்கும் போய், அந்தப் பிள்ளைகளிடமும் அம்மாக்களிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். லைன் வீட்டில் பேச இந்தி தெரிந்த ஒருவர் கூடப் போனால் நல்லது. பேசுபொருளில் இதைச் சேர்க்கச் சொல்லி ஊராட்சிக்கு மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் இருந்து கையெழுத்துப் போட ஐந்து பேர் வேண்டும். யார் யார் வீட்டில் கேட்கலாம் என்று இந்த வாரத்துக்குள் பதில் போடுங்க.