மியூட்டபிள் என்பதற்குத் ‘திருத்தமேற்கும்’ என்ற சொல்: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

வணக்கம். கணினியியல் படிக்காத மாணவர்களுக்கான பைத்தான் நிரல்மொழி அறிமுகப் பாடக் குறிப்புகளில் மியூட்டபிள் (உருவாக்கிய பின்னும் இருந்த இடத்திலேயே மாற்றக்கூடிய தரவுப் பொருள்), இம்மியூட்டபிள் (அப்படி மாற்ற முடியாதது) என்னும் இணையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்தேன். ‘மாறும் – மாறா’, ‘நெகிழ் – நெகிழா’, ‘விகாரமுறும் – விகாரமுறா’ ஆகிய மூன்று இணைகளும், ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்ற கருத்தும் இப்போது நம் முன் உள்ளன. நான் நான்காவதாக ஓர் இணையை முன்வைக்க விரும்புகிறேன். அதற்கு முன், இந்தச் சொல்லை நான் ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதுகிறேன் என்பதற்கு வகுப்பில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தாவரவியல் இளங்கலை மாணவி ஒருவர் இருபது செடிகளின் உயரத்தை அளந்து, செடி எண்களை ஒரு பட்டியலிலும் உயரங்களை மற்றொரு பட்டியலிலும் வைத்திருந்தார். இடைநிலை அளவைக் காண்பதற்காக உயரங்களை ஏறுவரிசையில் அடுக்க விரும்பிய அவர், மூலப் பட்டியல் கலைந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையோடு ‘நகல் = உயரங்கள்’ என்று ஒரு வரி எழுதி, நகல் என்ற பெயரின்மேல் சார்ட் முறையை இயக்கினார். (2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 முதல் இத்தகைய பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடிகிறது, பிற துறை மாணவர்களுக்கு இது பெரிய துணை.) அடுத்து வரைந்த வரைபடத்தில் முதல் செடி எல்லாவற்றிலும் குட்டையாகவும், இருபதாம் செடி எல்லாவற்றிலும் நெட்டையாகவும் வந்து நின்றன. மூலப் பட்டியலும் அடுக்கப்பட்டுவிட்டது. எந்த உயரம் எந்தச் செடிக்கு உரியது என்ற தொடர்பு அறுந்துவிட்டது.

நான் கொடுத்திருந்த குறிப்பில் ‘பட்டியல் மாறும் தரவு, எண்ணும் சரமும் மாறாத் தரவு’ என்று எழுதியிருந்தேன் (சரம் என்பது எழுத்துகளின் தொடர்). அதைக் காட்டி அவர் கேட்டார்: “ஐயா, மாறி என்றாலே மாறுவதுதானே? எண் மாறாது என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று ஐந்து வைத்த பெயரில் இன்று ஆறு வைத்தேனே, அதைப் பைத்தான் ஏற்றுக்கொண்டதே?” கேள்வி முற்றிலும் நியாயமானது. பள்ளிக் கணிதத்தில் மாறி, மாறிலி என்ற இரண்டையும் பல ஆண்டுகள் படித்துவிட்டு வரும் மாணவர் ‘மாறாத’ என்ற சொல்லைக் கண்டவுடன் மாறிலியைத்தான் நினைப்பார். ஆனால் ஓர் எண்ணைச் சுட்டும் பெயரை வேறோர் எண்ணுக்கு மாற்றி வைப்பதைப் பைத்தான் தடுப்பதே இல்லை. அங்கே மாறுவது பெயரின் சுட்டு. ஐந்து என்னும் தரவுப் பொருள் ஐந்தாகவே இருக்கிறது. ‘மாறியின் மாறா மதிப்பு மாறியது’ என்று எழுத நேரும் கலைச்சொல் தொகுதியை வைத்துக்கொண்டு யாருக்கும் பாடம் சொல்ல முடியாது.

ஆகவே மாறு என்னும் வேர் இங்கே வேண்டாம் என்பது என் முதல் கருத்து. அது மாறிக்கும் மாறிலிக்கும் உரியதாக இருக்கட்டும்.

நெகிழ் என்பது கேட்க இனிய சொல். ஆயினும் அது அளவு கூடிக் குறைவதையே முதலில் உணர்த்துகிறது. பட்டியலுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் இம்மாணவர்கள் அடுத்த கட்டத்தில் பயிலப்போகும் நம்பை என்னும் எண்கணிப்பு நிரல்தொகுப்பின் அணி, அதாவது வரிசையாக அடுக்கிய எண்களின் தொகுதி, ஒன்றின் அளவு, அதை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அளவு நெகிழாத அந்த அணியின் உறுப்புகளை விரும்பியபடி மாற்றலாம் என்பதால், அது மியூட்டபிள் வகையைச் சேர்ந்தது. ‘நெகிழா அணி ஒரு நெகிழ் பொருள்’ என்று பிற்பாடு எழுத வேண்டிய நிலை வரும்.

விகாரம் என்ற சொல்லை முன்மொழிந்த இலங்கை நண்பரின் காரணம் எனக்குப் புரிகிறது. அங்கே உயிரியல் பாடநூல்களில் மியூட்டேசன் என்பது விகாரம். தமிழ்நாட்டில் அதைச் சடுதிமாற்றம் என்று படித்தோம். இங்குள்ள மாணவர்க்கு விகாரம் என்றதும் அழகின்மை நினைவுக்கு வரும் என்ற தடையை நான் பெரிதாகக் கருதவில்லை. கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டால் அது மறைந்துவிடும். என் தடை இலக்கணம் பற்றியது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களையும் நாம் புணர்ச்சியில் படித்திருக்கிறோம். மரம், வேர் என்னும் இரு சொற்கள் சேரும்போது மகரம் கெட்டு மரவேர் என்ற வடிவம் பிறக்கிறது. அதனால் மரம் என்ற சொல் மொழியிலிருந்து அழிந்துவிடுவதில்லை. அது முன்பு இருந்தபடியே இருக்க, புதிய வடிவம் ஒன்று கிடைக்கிறது. பைத்தானில் ஒரு சரத்தின்மேல், அதன் ஒரு பகுதிக்குப் பதிலாக வேறொன்றை இட்டுத் தரும் ரீப்ளேஸ் முறையை இயக்கினால் நடப்பது அச்சு அசலாக இதுவே: பழைய சரம் அப்படியே இருக்கிறது, புதிய சரம் ஒன்று கையில் வருகிறது. அதாவது தமிழிலக்கணம் விகாரம் என்று அழைப்பது இம்மியூட்டபிள் பொருளின் நடத்தையை. அச்சொல்லை நேர் எதிரான கருத்துக்கு வைத்தால் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு நாம் தவறான வழி காட்டியவர்கள் ஆவோம்.

இப்போது என் முன்மொழிவு. மியூட்டபிள் என்பதற்குத் ‘திருத்தமேற்கும்’ என்றும், இம்மியூட்டபிள் என்பதற்குத் ‘திருத்தமேற்காத’ என்றும் வைக்கலாம். இவற்றின் பண்பைத் திருத்தமேற்பு, திருத்தமேலாமை என்று பெயராக்கலாம். பொருளை இருந்த இடத்திலேயே மாற்றும் செயலை உள்திருத்தம் எனலாம்.

இந்தக் கருத்தின் உயிர்நாடி மாற்றம் அன்று. மாற்றத்துக்குப் பின்னும் அது அதே பொருளாக நீடிப்பதுதான். திருத்து என்னும் வினை இந்த நீடிப்பைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கண்ட பின்னும் அதே அரசியலமைப்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் புதிய அரசியலமைப்பு பிறந்தது என்று எவரும் சொல்வதில்லை. இதற்கு மாறாக, பதிவான கிரயப் பத்திரத்தில் புல எண் தவறாக விழுந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள பத்திரத்தின்மேல் யாரும் அடித்து எழுதுவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று வேறொன்றை எழுதிப் பதிவு செய்கிறோம். அங்கே திருத்தம் பெறுவது செய்தி, பழைய பத்திரம் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. பைத்தானின் தரவு வகைகளுள் பட்டியல், அகராதி (டிக்‌ஷனரி), கணம் (செட்) ஆகியவை முதல் வகை. எண், சரம், டப்புள் (tuple, உருவாக்கிய பின் உறுப்புகளை மாற்ற முடியாத வரிசை) ஆகியவை இரண்டாம் வகை. வணிகவியல், அரசியலறிவியல் மாணவர்களிடம் இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொன்னபோது அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

திருத்தம் என்றால் பிழை இருந்தது என்று ஆகிவிடாதா என்று ஓர் ஐயம் எழலாம். தனிப்பேச்சில் நண்பர் ஒருவர் அதை எழுப்பியும் விட்டார். தமிழ் வழக்கு அப்படி வரம்பிடவில்லை. காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். காட்டில் பிழை எதுவும் இல்லை, நிலம் அதே நிலம், அதன் நிலை மாறியது. முடிதிருத்தும் நிலையத்துக்குப் போகிறவரின் தலைமுடி தவறாக வளர்ந்துவிட்டது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. முடிதிருத்துவதை வைத்தே அந்தத் தாவரவியல் மாணவியின் சிக்கலையும் விளக்கிவிடலாம். ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயரும் இருக்கும். வீட்டுப் பெயரைச் சொல்லி அழைத்துச் சென்று முடியைத் திருத்தினால், பள்ளிப் பெயருக்கு உரிய பிள்ளை பழைய முடியோடு வந்து நிற்காது. ‘நகல் = உயரங்கள்’ என்ற வரி செய்தது இரண்டாவது பெயர் சூட்டலே. நகல் எடுக்க வேண்டுமானால் பட்டியலின் காப்பி முறையை அழைத்திருக்க வேண்டும். அல்லது, அடுக்கிய புதிய பட்டியலைத் தந்து பழையதைத் தொடாமல் விடும் சார்ட்டட் சார்பைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

சொல் நீளமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘திருத்தகு’ என்று சுருக்கிப் பார்த்தேன். அது திருத்தக்க தேவர் பெயரில் உள்ள திருவையும் தகுதியையும் நினைவூட்டிக் குழப்புகிறது. ‘திருத்திலி’ என்பது மாறிலி, முடிவிலி ஆகியவற்றின் அச்சில் அமைந்தாலும், திருத்தப்படாதது என்ற பொருளை அது தெளிவாகத் தரவில்லை. ஏற்பு என்ற பகுதியை விட எனக்கு மனமில்லை. சரத்தின் ஓர் எழுத்தை மாற்ற முயன்றால் பைத்தான் காட்டும் பிழைச்செய்தியே, சரம் என்னும் வகை உறுப்புகளுக்கு மதிப்பிருத்தலை ஏற்பதில்லை என்ற பொருளில்தான் அமைந்துள்ளது. மாணவர் திரையில் காணும் செய்தியும் நாம் தரும் கலைச்சொல்லும் ஒரே வினையில் சந்திப்பது கற்பித்தலில் சிறு நன்மை அன்று. எழுத்துப்பெயர்ப்பே போதும் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுவே: மியூட்டபிள் என்ற ஆங்கிலச் சொல்லே அறிமுகமில்லாத மாணவருக்கு அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுவதால் எந்தப் பிடியும் கிடைப்பதில்லை.

ஒரு கடினமான இடத்திலும் இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். டப்புள் திருத்தமேற்காதது, ஆனால் அதன் உறுப்பாக ஒரு பட்டியல் இருந்தால் அந்தப் பட்டியலைத் திருத்தலாம். பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது வடக்கே இன்னார் நிலம் என்று குறிக்கிறோம். பின்னாளில் அந்த வடக்கு நிலத்தைத் திருத்தித் தோப்பாக்கினாலும் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. அது சுட்டும் நிலம் மட்டுமே மாறியிருக்கிறது. ‘திருத்தமேற்காத டப்புளுக்குள் திருத்தமேற்கும் பட்டியல்’ என்று எழுதினால் முரண் தோன்றாமல் படிக்க முடிகிறது. ‘மாறாத டப்புளுக்குள் மாறும் பட்டியல்’ என்று எழுதினால், அப்படியானால் டப்புளும் மாறுகிறதே என்ற கேள்விக்கு மீண்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டப்புள் என்பதை மேலே அப்படியே எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தொடை என்று வைக்கலாம் என எண்ணினேன். எதுகை, மோனை படித்தவர்களுக்கு அது இடறும். நிரை என்று வைத்தால் அணியின் நிரையோடு மோதும். அதற்கு நல்ல சொல் கிடைக்கும் வரை குறிப்புகளில் டப்புள் என்றே விடலாம் என்று நினைக்கிறேன். உறுப்பினர்கள் தங்கள் துறையின் சொற்களோடு ஒப்பிட்டு, குறிப்பாகச் சட்டமும் நூலகவியலும் கற்பிப்பவர்கள், திருத்தமேற்பு என்ற சொல் எங்கேனும் வேறு பொருளில் முன்பே வழங்குகிறதா என்று தெரிவித்தால், குறிப்புகளை அச்சுக்கு அனுப்பும் முன் சரிசெய்துகொள்வேன்.

அன்புடன்.