ஜெபிக்க வார்த்தையே வராதபோது என்ன செய்வது?

கேள்வி: வேலை போய், வீட்டில் நோயும் சேர்ந்த பிறகு வேதத்தைத் திறந்தாலே மனம் மரத்துப்போகிறது, ஆராதனையில் வாய் மட்டும்தான் பாடுகிறது. விசுவாசத்தை விடவும் மனமில்லை.

பதில் 1: சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசியுங்கள். கடைசி வசனம் வரை ஆறுதலே வராது, இருளில்தான் முடியும், ஆனாலும் அது ஜெபம்தான். உங்கள் புலம்பலையும் கர்த்தர் கேட்கிறார்.

பதில் 2: ஜப்பானில் 1614-ல் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்து, குருமார் ஒருவரும் இல்லாமல் போன பிறகும் நாகசாகிப் பக்கத்து மக்கள் ஜெபங்களைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகவே சொல்லிக்கொடுத்து, தாங்களே ஞானஸ்நானமும் கொடுத்து, 1865 வரை விசுவாசத்தை மறைவில் காத்து வந்தார்கள். சேர்ந்து சுமந்தார்கள். நீங்களும் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவர் ஜெபிக்கட்டும், நீங்கள் ஆமென் சொன்னால் போதும்.

கேட்டவர்: சரி, சபையில் ஒரு அக்காவிடம் இன்றே கேட்கிறேன்.