ரெப்ளிகா ரேஸ் கார்கள்: நேரில் பார்த்தவர்கள், உட்கார்ந்தவர்கள், கட்டிக்கொண்டிருப்பவர்கள் எழுதுங்கள்

ஸ்லௌ, இங்கிலாந்திலிருந்து

வணக்கம் நண்பர்களே. பிரான்சில் 24 மணி நேரம் ஓடும் லெ மான் பந்தயத்தின் பழைய கார்களைப் பார்த்து அப்படியே கட்டிய நகலை, அதாவது ரெப்ளிகாவை, நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்லௌ டிரேடிங் எஸ்டேட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட நாளில் என் நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்த ஃபோர்டு ஜிடி40 பந்தயக் கார் இதே எஸ்டேட்டில்தான் பிறந்தது என்பது, இங்கே வந்து நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். லெ மானில் ஃபெராரியைத் தோற்கடிக்க வேண்டும் என்று, ஜான் வையர் தலைமையில் ஃபோர்டு பட்டறை போட்ட இடம் இது. 1966ல் முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கு. 1968லும் 1969லும் ஜெயித்தது ஒரே கார், சேசிஸ் எண் 1075. வெளிர்நீல உடம்பில் ஆரஞ்சுப் பட்டை. 69ல் மற்ற ஓட்டுநர்கள் எல்லாம் கார்களை நோக்கி ஓட, ஜாக்கி இக்ஸ் மட்டும் நிதானமாக நடந்து போய் ஏறி, பெல்ட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். ஓடிப்போய் ஏறி, பெல்ட் மாட்டாமலே கிளம்பும் அந்த வழக்கம் ஆபத்தானது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். 24 மணி நேரம் கழித்து சுமார் 120 மீட்டர் இடைவெளியில் அவரே ஜெயித்தார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம் ஸ்டோன்லியில் நடக்கும் கிட் கார், அதாவது பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டும் கார்களின் கண்காட்சிக்குப் போனேன். புல்வெளியில் வரிசையாக கேட்டர்ஹாம், கோப்ரா என்று நின்றன. வரிசையின் கடைசியில் என் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் உயரத்தில் ஒரு ஜிடி40. பெயரில் இருக்கும் 40 என்பது காரின் உயரம், நாற்பது அங்குலம். எத்தனையோ முறை படித்த எண்தான். ஆனால் பக்கத்தில் நின்று காரின் கூரையைக் குனிந்து பார்த்தபோதுதான் அது உறைத்தது.

உரிமையாளர் எழுபது தாண்டிய பெரியவர். பதினோரு வருஷமாக வீட்டு கராஜில் கட்டியது என்றார். நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, உட்கார்ந்து பார்க்கிறாயா என்று அவரே கேட்டார். கதவைத் திறந்தால் கூரையில் ஒரு பங்கும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது. கியர் லீவர் வலது பக்கம், கதவு ஓரத்துத் திண்டின் மேல் நிற்கிறது. அதில் கால் சட்டை மாட்டாமல் இடது காலை சீட்டின் மேலேயே ஊன்றி, இரண்டு கையாலும் திண்டைப் பிடித்து உடம்பை இறக்க வேண்டும். சீட் முழுக்கக் காற்றுப் போக உலோக வளையம் பதித்த ஓட்டைகள். ரேடியேட்டர் மூக்கில், இன்ஜின் முதுகுக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் வெந்நீர்க் குழாய் போகிறது. நிறுத்தி அரை மணி ஆகியும் உள்ளே சூடு தணியவில்லை.

அப்புறம் பின்பக்க மூடியைத் தூக்கிக் காட்டினார். ஃபோர்டு 302 வி8, எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர். கியர்பாக்ஸ் பழைய ரெனோ 25 காரிலிருந்து எடுத்தது. ஒரிஜினலில் இருந்த இசட்எஃப் கம்பெனி கியர்பாக்ஸின் விலைக்கு நல்ல கார் ஒன்றே வாங்கிவிடலாமாம். எல்லாவற்றுக்கும் மேலே புகைக்குழாய்கள் பின்னிக் கிடந்தன, பாம்புகள் பிணைந்து கிடப்பதைப் போல. சாதாரண வி8 இன்ஜினில் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை, அதனால்தான் அந்தக் 'கடகட' சத்தம். இதில் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு, மறு பக்கத்திலிருந்து இரண்டு என்று குழாய்களைக் குறுக்கே கொண்டுபோய் இணைத்திருப்பதால் ஒவ்வொரு குழாய் முடிவிலும் புகை சம இடைவெளியில் வருகிறது. ஸ்டார்ட் செய்தார். அமெரிக்க வி8 உறுமல் இல்லை, கூர்மையான கத்தல். என் முதுகெலும்பில் வாங்கினேன் அதை.

2012ல், அந்த வெளிர்நீல, ஆரஞ்சு நிறத்தில் ஓட்டிய கல்ஃப் அணியின் ஒரிஜினல் ஜிடி40 ஒன்று 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த மாதிரிக் காரின் பக்கத்தில் கயிறு கட்டியிருக்கும். இந்தப் பெரியவரின் காரில் நான் உட்கார்ந்தேன். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

பாரிஸிலிருந்து

அண்ணை, வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கூரியர் வான் ஓட்டுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் லெ மான் பக்கம் ஒரு பொதி இறக்கப் போனேன். அங்கே பந்தயப் பாதையில் பெரும்பகுதி சாதாரண ரோடுதான். முல்சான் நேர்ப்பாதை வருஷம் முழுக்க லாரியும் ட்ராக்டரும் போகும் ரோடு. பந்தய நாட்களில் மட்டும் மூடுவார்கள். 1990ல் நடுவே இரண்டு வளைவு வைக்கும் வரைக்கும் ஆறு கிலோமீட்டர் ஒரே நீட்டு. 1988ல் ஒரு டபிள்யூஎம் பேஜோ அதில் மணிக்கு 405 கிலோமீட்டர் தொட்டது. நான் என் கூரியர் வானை 80ல் ஓட்டினேன், ஆனாலும் கை வேர்த்தது.

திரும்பி வரும்போது மழை. பெட்ரோல் நிலையத்தில் பச்சை நிறத்தில் ஒரு ஜாகுவார் டி-டைப், ஓட்டுநர் தலைக்குப் பின்னால் செட்டை மாதிரி நிமிர்ந்த அந்த வால். 1955, 56, 57 என்று மூன்று வருஷம் தொடர்ந்து லெ மான் வென்ற கார். கூரை இல்லை. ஒரு ஆங்கிலேயத் தம்பதி நனைந்த கோட்டோடு நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தய வாரத்தில் இங்கிலாந்திலிருந்து இப்படிக் கிட் கார்கள் கூட்டமாகக் கப்பல் ஏறி வருமாம். ரெப்ளிகாதான், இன்ஜின் பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரில் இருந்து எடுத்தது என்று அந்த அம்மாவே முதலில் சொன்னார். ஆறு சிலிண்டர், நீட்டு இன்ஜின். மூக்கு முழுதாக முன்பக்கம் மடிந்து திறக்கும். அரை மணித்தியாலம் கதைத்தோம். போகும்போது சீட்டில் தேங்கின மழைத் தண்ணீரை ஒரு பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு ஏறினார்கள். வடிவான காட்சி. இண்டைக்கும் மழை பெய்தால் எனக்கு அந்தப் பஞ்சுதான் ஞாபகம் வரும்.

சென்னையிலிருந்து

எல்லாம் சரி, எனக்கு ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. ஒரு பழைய கார் கண்காட்சியில் கோப்ரா நின்றது. ஒரிஜினல், 1965 மாடல் என்றார் உரிமையாளர். என் பையனுக்கு ஆசையாகக் காட்டினேன். சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் பாய் நெசவு மாதிரி சொரசொரப்பு, ஃபைபர். ஒரிஜினல் கோப்ராவின் உடம்பு அலுமினியத் தகடு. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. விரல் மடக்கித் தட்டினால் தெரிந்துவிடும்: அலுமினியம் 'டங்' என்று பேசும், ஃபைபர் 'டொக்' என்று அமுங்கும். ஒரிஜினல் உலகத்திலேயே ஆயிரம் சொச்சம்தான், ரெப்ளிகாவோ அதைப்போலப் பல மடங்கு. ரெப்ளிகா என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். பையனிடம் என்ன சொல்வது என்றுதான் அன்றைக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, நானும் என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் ஒரு போர்ஷே 550 ஸ்பைடர் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1953ல் லெ மானில் 1.5 லிட்டர் வகுப்பை வென்ற கார், மொத்தமே தொண்ணூறு சொச்சம் செய்தார்கள். எங்கள் ஊரில் ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் மாருதி இன்ஜினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் தைரியம்தான்.

வெளிநாட்டில் 550 ரெப்ளிகாவுக்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் போடுவார்கள். பீட்டிலில் இன்ஜின் பின் சக்கர அச்சுக்குப் பின்னால், ஸ்பைடரில் அதற்கு முன்னால். அப்படியே திருப்பி மாட்டினால் நாலு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும்! கியர்பாக்ஸைப் பிரித்து கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மாற்றி வைக்க வேண்டும். இங்கே பீட்டில் பாகம் சுலபமாகக் கிடைக்காது, அதனால் நாங்கள் மாருதி எஸ்டீம் கார் இன்ஜினைக் கியர்பாக்ஸோடு தூக்கிப் பின்னால் வைத்தோம்.

பாடிதான் எங்களைப் படுத்தியது. பாடியை வார்க்கும் மோல்டுக்கு ஆறு கோட் மெழுகு, அதன் மேல் விட்டுப்பிரிய பிவிஏ என்ற திரவப் பூச்சு, பிறகு ஜெல்கோட் என்ற மேல்பூச்சு, ஃபைபர் பாய், ரெசின். மே மாத வெயிலில் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் அளவைக் குறைக்காமல் விட்டுவிட்டேன். ரெசின் டப்பாவிலேயே சூடேறிக் கட்டியாகிவிட்டது. அவசரத்தில் அடுத்த டப்பா கலக்கி, பின்மூலையில் பிவிஏ காயாமலே பாய் போட்டேன். மறுநாள் பிரித்தால் அந்த மூலை மட்டும் மோல்டோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. மோல்டும் போச்சு, பாடியும் போச்சு. மூன்று மாச வேலை. ராத்திரி முழுக்க ஃபைபர் அரிப்பில் தூக்கம் வரவில்லை, வருத்தத்தில் வரவில்லை என்றும் சொல்லலாம். இரண்டாவது தடவை தண்ணீரை ஓரத்தில் விட்டுக் கட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினோம். 'பொளக்' என்று ஒரு சத்தம், முழுப் பாடியும் கழன்று கையில் வந்தது. மூணு பேரும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றோம்.

வீட்டில் கட்டிய காருக்கு ஆர்டிஓவில் நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்டுவது இங்கே நடக்காத காரியம். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டினால் போதும் எங்களுக்கு. ஒரு உதவி அண்ணா. ஸ்டோன்லிக்கு 550 ரெப்ளிகா ஏதாவது வந்தால், முன் கண்ணாடிச் சட்டத்தின் அடியிலிருந்து ஸ்டியரிங் நடு வரை எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்ல முடியுமா? படத்தில் பார்த்து வைத்தோம், உட்கார்ந்தால் முட்டி இடிக்கிறது.

ஸ்லௌவிலிருந்து மறுபடியும்

தம்பி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம் என்று எழுதிய இடத்தில் நானும் ஒரு மூலையைப் பிடித்த மாதிரி இருந்தது.

சென்னை நண்பருக்கு: உங்கள் கோபம் நியாயம். பொய் சொல்லி நிறுத்தியது தப்புத்தான். ஆனால் எது ஒரிஜினல் என்ற கேள்வி கம்பெனிக்காரர்களுக்கே சிக்கலானது. ஃபோர்டு 2002ல் ஜிடி40 என்று ஒரு மாதிரிக் காரைக் காட்டியது. விற்பனைக்கு வந்தபோது அந்தப் பெயரை வைக்க முடியவில்லை, பெயரின் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. அதனால்தான் அது வெறும் ஃபோர்டு ஜிடி. ஜாகுவார் தொழிற்சாலையில் 1957ல் தீப்பிடித்து, டி-டைப்பைச் சாலைக்காக மாற்றிய எக்ஸ்கேஎஸ்எஸ் கார்கள் ஒன்பது எரிந்தன. 2016ல் ஜாகுவாரே அந்த ஒன்பதையும் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தது. கம்பெனி கட்டினால் தொடர்ச்சி, பெரியவர் கராஜில் கட்டினால் நகல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தம்பி, வருகிற மே மாதம் டேப்போடு போகிறேன். ஸ்டியரிங் தூரத்தோடு பெடலிலிருந்து சீட் முதுகு வரையும் அளந்து வருகிறேன், முட்டி இடிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஸ்டியரிங் வட்டம் எத்தனை அங்குலம் போட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.