துருப்பிடித்த வார்ப்பிரும்பு வாணலி: வினிகரில் எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம்?

மழைக்குருவி:
பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய வார்ப்பிரும்பு வாணலி கிடைத்தது. உட்புறம் முழுக்கச் செம்பழுப்புத் துரு. கைப்பிடி ஓரத்தில் செதில் செதிலாக உரிகிறது. வெளிப்பக்கத்தில் கருகிய எண்ணெய் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. வினிகரில் ஊறவைத்தால் துரு போகும் என்கிறார்கள். எவ்வளவு நேரம்? தீயில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால் ஒரே தடவையில் எல்லாம் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். செய்யலாமா, அல்லது எடைக்குப் போட்டுவிடலாமா?

நீலவானம்:
வினிகரில் முழுக்கி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தேய்த்தால் வந்துவிடும்.

அச்சுமணல்:
இரவு முழுவதுமா? வேண்டவே வேண்டாம். வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். துருவைத் தின்று முடித்ததும் அது கைகழுவிவிட்டு எழுந்து போய்விடாது. அடுத்து இரும்பில் கை வைக்கும். காலையில் உட்புறம் சொரசொரவென்று அரித்திருக்கும்.

வார்ப்பட ஆலையில் அச்சு கட்டியே காலத்தைக் கழித்தவன் நான். துருப்பிடித்த சட்டியைக் கண்டால் இன்னமும் கை சும்மா இருப்பதில்லை. எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாகக் கேட்டால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும். எஃகுபோல வளைந்து கொடுக்காது, உடையும். விரிசல் விட்டதை எடைக்குப் போடலாம். வெறும் துருவுக்காகப் போடுவது அநியாயம். இன்னொன்று, அந்த வாணலியை முன்பு யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று தெரியுமா? இத்தகைய பாத்திரங்களில் ஈயம் உருக்குபவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் ஈயச் சோதனை செய்துகொள்ளுங்கள். அது தீராவிட்டால் அதில் சமைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தணலில் போட்டால் அடி வளைந்துபோகும், சில சமயம் விரிசலே விடும். போதாக்குறைக்கு இரும்பின் மேற்பரப்பு செந்நிறமாக மாறிவிடும். அதன்மேல் எண்ணெய்ப் படலம் சரியாகப் பிடிக்காது.

உங்கள் வாணலியில் இருப்பது இரண்டு வகை அழுக்கு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் மாரடிக்கிறார்கள். கருகிய எண்ணெயை வினிகர் அசைக்காது. காஸ்டிக் சோடா எண்ணெயைக் கரைக்கும், ஆனால் துருவைத் தொடாது. எனவே முதலில் எண்ணெய். காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரைப் பூசி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ஒரு நாள் வையுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு நன்றாக அலசுங்கள்.

அடுத்து துரு. முக்கால்வாசி உலர்ந்த இரும்பு நாராலேயே வந்துவிடும், தேய்க்கத் தெம்பு இருந்தால் போதும். மிஞ்சியதற்குத்தான் வினிகர், அதுவும் சம அளவு தண்ணீர் கலந்து. அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு இளகிவிட்டால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டுங்கள். போன் வந்தது என்று நகர்ந்துவிடாதீர்கள். வெற்றிரும்பு நிமிடக்கணக்கில் மறுபடி துரு பூக்கும்.

சூடு பொறுக்கும் பதத்தில் எண்ணெய் தடவுங்கள். பிறகு, தவறுதலாகத் தடவிவிட்டதாக நினைத்துக்கொண்டு, முழுவதையும் துடைத்து எடுங்கள். எண்ணெயே இல்லை என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு. ஓவனில் கவிழ்த்து வைத்து 230 முதல் 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். ஓவனுக்குள்ளேயே ஆறட்டும். இதை மூன்று நான்கு தடவை செய்யுங்கள். அந்தச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டிப் படலமாகின்றன. தடிமனாகப் பூசினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். ஆளிவிதை எண்ணெயை இணையத்தில் ஆகா ஓகோ என்கிறார்கள். பளபளப்பு வரும்தான், ஆனால் பின்னர் செதிலாக உரிவதைப் பார்த்திருக்கிறேன். சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெய் போதும்.

இரும்புத்தச்சன்:
அச்சுமணல் ஐயா, மின்னாற்பகுப்பு முறையைச் சொல்லவில்லையே? தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வாணலியிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்தால் நல்ல இரும்பு கரையாமல் துரு மட்டும் போகுமே.

அச்சுமணல்:
அருமையான முறை, தம்பி. ஒரே ஒரு வாணலிக்காக அவரை சார்ஜர் வாங்க வைக்க வேண்டாமே என்றுதான் விட்டேன். செய்பவர்கள் நேர்முனையில் எவர்சில்வர் தகட்டை மட்டும் மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

மழைக்குருவி:
கணீரென்றுதான் ஒலித்தது! ஈயச் சோதனையிலும் ஒன்றுமில்லை. துரு போய்ச் சாம்பல் நிறமாகி, இரண்டு பூச்சும் முடிந்தது. ஆனால் ஒரே நிறமாக இல்லை, ஆங்காங்கே பழுப்புத் திட்டுகள். துணியால் துடைத்தால் கறுப்பாக ஏதோ வருகிறது. மறுபடி துருவா? இனிமேல் சோப்பே போடக் கூடாதா?

அச்சுமணல்:
துணியில் செம்பழுப்பாக வந்தால் துரு. கறுப்பு என்றால் கருகிய எண்ணெயின் மிச்சமும் கார்பன் தூளும். கெடுதல் இல்லை, சமைக்கச் சமைக்கக் குறையும். பழுப்புத் திட்டுகள் துணியில் ஒட்டவில்லை என்றால் அவை படலத்தின் நிறம்தான். அடுத்தடுத்த பூச்சில் கறுத்துவிடும்.

சோப்புத் தடை என்பது காஸ்டிக் மிஞ்சியிருந்த அந்தக்காலச் சோப்புகளுக்குச் சொன்னது. இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் கெட்டிப்பட்ட படலத்தை அழிக்காது. அழிப்பவை வேறு: தொட்டியில் ஊறப்போடுவது, பாத்திரம் கழுவும் இயந்திரம், புளிப்பான எதையும் நெடுநேரம் கொதிக்கவிடுவது. அடுப்பில் இருந்து இறக்கிய சூட்டோடு பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

கழுவியதும் அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு எடுத்து வையுங்கள். மூடி போட்டு வைத்தால் உள்ளே ஈரம் தங்கும். மூடியே ஆகவேண்டும் என்றால் இடையில் காகிதத்தை மடித்துச் செருகுங்கள்.